பிரைம் மினிஸ்டருக்கு பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

கேள்வி: சார், டெல்லில எங்க ஏரியா தமிழ்க்காரங்க சேர்ந்து பொங்கல் விழா மலர் போடுறோம், அதுல இங்கிலீஷ் கட்டுரைங்களும் வருது. சீஃப் மினிஸ்டர், கவர்னர்னு எங்க வந்தாலும் கேப்பிடல் லெட்டர் போடணும், இல்லன்னா மரியாதை இல்லங்கிறார் எங்க செயலாளர். காலேஜ் படிக்கிற என் பொண்ணு பாதி இடத்துல சின்ன எழுத்தா மாத்தி வச்சிருக்கா. யார் சொல்றது சரி?
- வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: கட்டுரைன்னு வந்துட்டா நான் உங்க பொண்ணு கட்சிம்மா. பதவி, பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வந்தா கேப்பிடல், பேருக்குப் பின்னாடியோ தனியாவோ வந்தா சின்ன எழுத்து, இங்கிலீஷ் எழுத்து நடைக்கான கையேடுங்களான அசோசியேட்டட் பிரஸ் ஸ்டைல்புக், சிகாகோ மேனுவல் ரெண்டுமே அடிப்படையில இதைத்தான் சொல்லுது. 'பிரைம் மினிஸ்டர் நேரு'ன்னு எழுதினா பி, எம் ரெண்டும் பெருசு. அதையே 'நேரு, தி ஃபர்ஸ்ட் பிரைம் மினிஸ்டர் ஆஃப் இந்தியா'ன்னு திருப்பிப் போட்டா அந்த பி, எம் ரெண்டும் சின்னதாயிடும், நேருவோட என்னும் இந்தியாவோட ஐயும்தான் பெருசு. 'ஃபார்மர் பிரெசிடென்ட் கலாம்'ல அசோசியேட்டட் பிரஸ் முறைப்படி பிரெசிடென்ட்டுக்கு பெருசு, வாக்கியத்துக்கு நடுவுல வந்தா ஃபார்மருக்கு சின்னதுதான்.

அதுக்காக உங்க செயலாளர் சும்மா சொல்றார்னு நினைச்சுடாதீங்க. நம்ம கான்ஸ்டிட்யூஷனை எடுத்துப் பாருங்க, 74-வது ஆர்ட்டிகிள்ல பிரைம் மினிஸ்டரும் பிரெசிடென்ட்டும் தனியா நிக்கும்போதே பெரிய எழுத்துதான், 75-ல பொதுவா மினிஸ்டர்ஸ்னு பன்மையில சொல்ற இடத்துலகூட எம் பெருசு, உங்க டெல்லிக்குன்னே இருக்கிற 239ஏஏ-ல லெப்டினன்ட் கவர்னருக்கு எல், ஜி ரெண்டும் பெருசு. அது சட்டத்தோட எழுத்து முறை. ஆபீஸ் ஃபைல்லயே எழுதிப் பழகினவங்களுக்கு கை தானா அப்படித்தான் போகும்.

ஆனா மரியாதைங்கிற காரணம் எனக்கு ஒப்பல. லண்டன் கார்டியன் பேப்பர் அவங்க நாட்டு பிரதமரையே 'தி பிரைம் மினிஸ்டர்'னு சின்ன எழுத்துலதான் எழுதுது, அதுல அவமரியாதை எங்க இருக்கு சொல்லுங்க.

அழைப்பிதழ், பேனர், அமைச்சருக்கு அனுப்புற லெட்டர் இதுக்கெல்லாம் செயலாளர் சொல்றபடி கேப்பிடலே இருக்கட்டும், அங்க அதுதான் வழக்கம். மலர் கட்டுரைங்களுக்கு பொண்ணு திருத்தினதையே வைங்க, ஆனா ஒரு பக்கம் பெருசு அடுத்த பக்கம் சின்னதுன்னு கலந்துகட்டி வந்தா படிக்கிறவங்க கண்ணை உறுத்தும், அதனால பிரஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஆள் உட்கார்ந்து பூராவும் பார்க்கணும். எம்.எல்.ஏ., எம்.பி. மாதிரி சுருக்கமெல்லாம் எங்க வந்தாலும் பெரிய எழுத்துதான், அதுல மட்டும் கை வைக்க வேண்டாம்னு பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.