விக்கிப் பக்கங்களில் இருக்கும் நிரலைக் கிட்டுடன் இணைப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, தேயிலைக் கொழுந்து எடை போடும் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதிவருகிறோம். நிரலும் விளக்கமும், விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வேண்டியபோது பிரதி எடுத்து ஓட்டுகிறோம். விக்கியிலேயே பழைய பதிப்புகள் கிடைக்கும்போது, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) எதற்கு? தேவையென்றால் இரண்டையும் எப்படி இணைப்பது?

பதில்: விக்கி வரலாற்றைச் சேமிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியான வரலாறு. கிட்டில் ஒரு கமிட் என்பதோ, அந்த வேளையில் எல்லாக் கோப்புகளும் இருந்த நிலையின் மொத்தப் பதிவு. உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். தராசிலிருந்து எடையைப் படிக்கும் பக்கம் இதுவரை கிராமில் கொடுத்துவந்ததை ஒருவர் கிலோவாக மாற்றிச் சேமிக்கிறார். அதை ஆயிரத்தால் வகுத்துத் தொகை போடும் பக்கத்தை அவர் திருத்துவதற்குள் இன்னொருவர் இரண்டையும் பிரதி எடுத்துவிட்டால், இருபது கிலோ கொழுந்து கொண்டுவந்த விவசாயிக்கு இருபது கிராமுக்கான தொகைதான் வரும். மறுநாள் இரு பக்கங்களின் வரலாற்றையும் புரட்டினால் எல்லாம் சரியாகவே தெரியும்; எந்தப் பதிப்பும் எந்தப் பதிப்பும் சேர்ந்து ஓடின என்பது மட்டும் எங்கும் பதிவாகியிருக்காது.

ஆகவே இணைப்பதற்கு முன், மூலம் எது என்பதை முடிவு செய்யுங்கள். இரண்டிலும் திருத்தலாம், ஒரு நிரல் இரண்டையும் ஒத்திசைக்கட்டும் என்ற யோசனை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. பக்கத்தின் கடைசியில் உள்ள வெற்று வரியை மீடியாவிக்கி சேமிக்கும்போது நீக்கிவிடும், என் எடிட்டரோ அதை மறுபடி சேர்க்கும். அந்த வரிக்காக மட்டும் ஒரே இரவில் கமிட்டுகள் குவிந்துகிடந்தன.

கிட் களஞ்சியத்தையே, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்பையே, அடித்தளமாகக் கொண்ட விக்கியைத்தான் நான் பரிந்துரைப்பேன். கோலம் (Gollum) என்ற மென்பொருள் அப்படிப்பட்டது: உலாவியில் ஒரு பக்கத்தைச் சேமித்தால் அது ஒரு கமிட்டாகப் பதிவாகும். நிரலைப் பக்கத்துக்குள் ஒட்டாமல் தனிக் கோப்பாக வைத்து, விளக்கத்தை மட்டும் விக்கிப் பக்கமாக அதே களஞ்சியத்தில் வையுங்கள். அப்போது நிரல் மாற்றமும் விளக்க மாற்றமும் ஒரே கமிட்டில் போகும். உலாவித் திருத்தங்கள் தனிக் கிளையில், அதாவது முதன்மை நிரலைத் தொடாத இணை வரிசையில், விழட்டும். ஒருவர் பார்த்த பிறகு முதன்மைக் கிளையில் சேருங்கள். உள்நுழைந்தவரின் பெயரைக் கோலத்துக்குக் கொடுக்க மறந்தால் எல்லாத் திருத்தமும் 'அனானிமஸ்' பெயரில் விழும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பின் ஃபாசிலும் (Fossil) சிறு குழுவுக்கு நல்லது; அதுவும் கிட் போல மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி. நிரல், விக்கி, குறைப் பதிவு எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஆனால் அதன் விக்கித் திருத்தங்கள் நிரல் கமிட்டோடு சேர்வதில்லை என்பதால், உங்கள் சிக்கலுக்கு அது பாதி மருந்துதான்.

பழைய வரலாற்றை மீடியாவிக்கியிலிருந்து எக்ஸ்எம்எல் (XML) கோப்பாக ஏற்றுமதி செய்து, வரலாற்றை உள்ளே ஏற்றும் கிட்டின் ஃபாஸ்ட் இம்போர்ட் (fast-import) கட்டளை வழியாகப் பெயரும் தேதியும் மாறாமல் கொண்டுவரலாம். ஒருவரே சில நிமிடங்களுக்குள் பல பக்கங்களில் செய்த திருத்தங்களை ஒரே கமிட்டாகக் கட்டுங்கள்.

தமிழ்ப் பக்கத் தலைப்புகளில்தான் அதிகம் கவனம் தேவை. கிட் அவற்றை \340\256\225 என்பதுபோல் எண்களாகக் காட்டினால் பதற வேண்டாம், 'கோர்.கோட்பாத்' (core.quotePath) அமைப்பை 'ஃபால்ஸ்' (false) ஆக்கினால் எழுத்துகள் தெரியும். இதைவிட வில்லங்கம் ஒன்று உண்டு. 'கொழுந்து' என்பதிலுள்ள ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மீடியாவிக்கி அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், லினக்ஸில் கிட் அப்படிச் செய்யாது; ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழ்த் தலைப்பைப் பக்கத்துக்குள் எழுதுவதே நிம்மதி.

ஐப்பசி மழையில் இணைப்பு அறுந்தாலும் ஒவ்வொருவரிடமும் முழுக் களஞ்சியம் இருக்கும். கமிட் செய்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். பழைய விக்கியை மட்டும் உடனே அழித்துவிடாதீர்கள். திருத்த முடியாதபடி பூட்டி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் புதிய இடத்துக்கான சுட்டியைப் போட்டு வையுங்கள்.