நல்லாயனும் நதித்தெய்வமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் உள்ள ஆதிகாலக் கிறிஸ்தவ ஓவியங்களைப் படங்களில் பார்த்தேன். ஆட்டைத் தோளில் சுமக்கும் இயேசு, கிரேக்கர்களின் தெய்வமான ஹெர்மஸின் சிலையை அப்படியே நினைவூட்டுகிறார். சூரியதேவனைப் போலத் தேரில் வரும் கிறிஸ்துவும் உண்டு என்கிறார்கள். கிறிஸ்தவம் பேகன் மதங்களின், அதாவது அதற்கு முந்தைய பல தெய்வ வழிபாடுகளின், மறுபதிப்புதான் என்று சிலர் சொல்வது சரியா? கலையே இப்படியென்றால், இறையியல் மட்டும் எப்படித் தனித்து நிற்க முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்ட ஒற்றுமை உண்மையானது. ஆனால் ‘மறுபதிப்பு’ என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் நூற்றாண்டு ரோமின் சிற்பப் பட்டறைகளில், ஆட்டைச் சுமக்கும் இடையன் ஏற்கெனவே பழகிப்போன உருவம். அதை விரும்பி ஏற்ற கிறிஸ்தவர்கள், லூக்கா நற்செய்தி சொல்லும் காணாமல்போன ஆட்டையும் அதைத் தேடிச் சென்றவரையும் அதில் கண்டார்கள். ரோமில் சாந்தா மரியா அந்திக்குவா ஆலயத்திலுள்ள, ஏறத்தாழ 270ஆம் ஆண்டைச் சேர்ந்த கல் சவப்பெட்டியில், மீனின் வயிற்றிலிருந்து மீண்டவராக விவிலியம் சொல்லும் யோனா கொடியின் நிழலில் ஆடையின்றிச் சாய்ந்திருக்கிறார். நிலவின் தேவி காதலித்த, முடிவற்ற உறக்கத்தில் ஆழ்ந்த எண்டிமியோனைக் கிரேக்கச் சிற்பிகள் கிடத்திய அதே நிலை அது. ஆனால் அதே பெட்டியில் திருமுழுக்குக் (ஞானஸ்நானம்) காட்சியும், ஆட்டைச் சுமக்கும் நல்லாயனும் இருப்பதால், அந்த உறக்கம் உயிர்த்தெழுதலுக்கு முந்தைய ஓய்வாக மாறிவிடுகிறது. நீங்கள் சொல்லும் சூரியத் தேர், புனித பேதுரு பேராலயத்தின் அடியிலுள்ள ஒரு கல்லறையில் இருக்கிறது. அதனுடனும் யோனாவே துணைக்கு நிற்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இத்தாலியின் ரவென்னாவில் உள்ள, ஆரியுஸ் என்ற குருவின் போதனையைப் பின்பற்றிய கிறிஸ்தவப் பிரிவினரின் திருமுழுக்குக் கூடம். அதன் கூரை மொசைக்கில், நீரில் நிற்கும் இயேசுவுக்கு அருகே, தலையில் நண்டின் கொடுக்குகளுடன் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் நதியின் உருவகம்தான் அவர். பழைய நதித்தெய்வத்தை அவர்கள் விரட்டவில்லை, வணங்கவும் இல்லை, சாட்சியாக உட்காரவைத்திருக்கிறார்கள்.

இறையியலைப் பற்றிய உங்கள் கேள்விதான் கடினமானது. அங்கே கிரேக்கச் செல்வாக்கு ஓவியத்தில் இருப்பதைவிட ஆழமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அது கோயில்களிலிருந்து வந்ததைவிட மெய்யியலாளர்களிடமிருந்து வந்ததே மிகுதி. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், ‘லோகோஸ்’ (வார்த்தை, பகுத்தறிவு) என்பதன்படி வாழ்ந்த கிரேக்க மெய்யியலாளர்கள் சாக்ரடீஸும் ஹெராக்ளிட்டஸும் கிறிஸ்தவர்களே என்று எழுதினார். ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன தொடர்பு என்று மற்றொரு கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் சீறினார். இறையியலாளர் அகஸ்டின் பிளேட்டோ வழியினரின் நூல்களில் ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்ற யோவான் நற்செய்தித் தொடக்கத்தின் சாரத்தைக் கண்டதாகவும், அந்த வார்த்தை மாம்சமானது, அதாவது மனிதரானது, என்பதை அங்கே காணவில்லை என்றும் தன் வாழ்க்கை நூலில் சொல்கிறார். எதை எடுத்துக்கொண்டோம், எது அங்கே இல்லை என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தவரை நகலெடுத்தவர் என்று சொல்வது நியாயமல்ல.

ஆனால் எடுத்துக்கொண்டதற்கு விலையும் இருந்தது. எபிரேய மறைநூலின் கடவுள் மனிதனைப் படைத்ததற்காக மனம் வருந்துகிறார், கோபிக்கிறார், இரங்குகிறார். கிரேக்க மெய்யியலின் பரம்பொருளோ மாறாதது, துன்பம் தீண்டாதது. திருச்சபையின் அறிஞர்கள் இந்த இரண்டாவது இலக்கணத்தையும் ஏற்றார்கள். சிலுவையில் துன்புற்றவர் கடவுளே என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் ஐந்தாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில், துன்பத்திற்கு அப்பாற்பட்டவராகவே அவர் துன்புற்றார் என்று எழுத வேண்டியிருந்தது. அந்த முரண் முழுமையாகத் தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இறையியலாளர்கள் இன்றும் அதோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.