ஹனோராவின் பிறந்த வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினாறு வருடமாக பாஸ்டன் பக்கம் இருக்கிறேன். என் கணவர் ஐரிஷ் வம்சாவளி. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா பேட்ரிக் சல்லிவன், 1840களில் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது கப்பலேறி வந்தவர். மனைவி பெயர் ஹனோரா. சொந்த ஊர் எது என்று கேட்டால் என் மாமியார் ‘கார்க்’ என்கிறார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. ஒரு வம்சாவளி இணையதளத்தில், 1826இல் கார்க்கில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பேட்ரிக் சல்லிவன் கிடைத்தார். வயது ஒத்துப்போகிறதே என்று எங்கள் குடும்ப மரத்தில் சேர்த்துவிட்டேன். அடுத்த கோடையில் கணவருக்கு ஐம்பது வயது. முன்கூட்டிச் சொல்லாமல் அந்த ஊருக்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும் என்று ஆசை. டிக்கெட் போடுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது.

ம.

அன்புள்ள ம.,

நல்லவேளை, கேட்டீர்கள். அந்தப் பேட்ரிக்கை மரத்திலிருந்து இறக்கிவிடுங்கள். அவர் உங்கள் வீட்டு முன்னோராக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. பெயரையும் வயதையும் தவிர அதற்குச் சாட்சி எதுவும் உங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான். அயர்லாந்தின் தெற்கே கார்க், கெர்ரி இரண்டு கவுன்ட்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) எங்கே திரும்பினாலும் சல்லிவன்கள். ஒரே ஊரில் ஏகப்பட்ட பேர் இருந்ததால், எந்தக் கிளை என்று தெரிய ஆளுக்கொரு பட்டப்பெயர் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அதிலும் பேட்ரிக் என்றால் கேட்கவே வேண்டாம். வயதும் நம்பகமான சாட்சி இல்லை. அந்தத் தலைமுறையில் பலருக்குத் தாங்கள் பிறந்த வருடமே தெரியாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வரும்போது வாய்க்கு வந்த வயதைச் சொல்வார்கள்.

மாமியார் சொல்லும் ‘கார்க்’கையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கார்க் கவுன்ட்டியில் உள்ள கோவ் துறைமுகத்தில்தான் (1849க்குப் பிறகு பல வருடம் குயின்ஸ்டவுன் என்று பெயர்) தென் அயர்லாந்துக்காரர்கள் பலர் கப்பலேறினார்கள். கப்பலேறிய இடமே இரண்டு தலைமுறையில் பிறந்த ஊராக மாறிவிடும். இப்படித் ‘தாத்தா ஊர் கார்க்’ என்று சொல்லிவந்த குடும்பங்கள் தேடிப்போய்க் கெர்ரியில் நின்றதுண்டு.

ஆனி மூரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் உள்ளே வந்த பெண். கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் பத்து டாலர் தங்கக் காசு கொடுத்து வரவேற்றார்கள். கோவ் துறைமுகத்திலும் எல்லிஸ் தீவிலும் அவளுக்குச் சிலை இருக்கிறது. அவள் பிறகு மேற்கே டெக்சாஸ் போய் அங்கேயே இறந்தாள் என்று பல வருடம் எல்லோரும் நம்பினார்கள். அந்த டெக்சாஸ் பெண்ணின் வாரிசுகளை அழைத்து விழாக்களில் கௌரவித்தார்கள். 2006இல்தான் வெளிவந்தது, அந்தப் பெண் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். நிஜமான ஆனி மூர் நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. மன்ஹாட்டனின் ஏழைத் தெருக்களில் வாழ்ந்து, 1924இல் இறந்து, குவீன்ஸில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தார். 2008இல்தான் கல் வைத்தார்கள். ஒரு நாடே அறிந்த பெண்ணின் விஷயத்தில் இப்படி நடக்கும் என்றால், உங்கள் பேட்ரிக் விஷயத்தில் நடக்க எவ்வளவு நேரமாகும்?

சரி, எங்கே தேடுவது? எல்லோரும் முதலில் அயர்லாந்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். அங்கே இறங்க உங்களுக்குக் கவுன்ட்டி பெயர் போதாது, டவுன்லேண்ட் பெயர் வேண்டும். பெயரில் டவுன் இருக்கிறதே தவிர அது நகரம் இல்லை. பெரும்பாலும் சில நூறு ஏக்கர் நிலம், அதில் நாலைந்து வீடு, சிலதில் வீடே இருக்காது. தீவு முழுக்க 60,000க்கு மேல் இருக்கின்றன. பஞ்ச காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். ஆனால் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது, 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. அடுத்த நான்கை அதற்கு முன்பே அரசாங்கம் தானே அழித்திருந்தது. முழுதாகக் கிடைப்பதில் பழையது 1901ஆம் ஆண்டினுடையது. அதற்குள் உங்கள் பேட்ரிக் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

அதனால் பாஸ்டனிலேயே தொடங்குங்கள், அதுவும் ஹனோராவிடமிருந்து. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. எனக்கோ அவர்தான் முக்கியம். அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் என்ன? அயர்லாந்தின் கத்தோலிக்கப் பதிவேடுகளில் தாயின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் எழுதப்படும். பேட்ரிக் சல்லிவன்கள் நூறு பேர் இருக்கட்டும். இன்ன வீட்டுப் பெண் ஹனோராவைக் கட்டிய பேட்ரிக் சல்லிவன் என்றால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 1841 முதலே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிவுசெய்துவருகிறது. ஹனோராவின் இறப்புப் பதிவில் அவருடைய அப்பா அம்மா பெயர் இருக்க வாய்ப்புண்டு. அவரை ஹனோரா என்றே தேடாதீர்கள். நோரா, ஹானர், ஹன்னா என்று எழுதுபவர் காதில் விழுந்தபடியெல்லாம் மாறியிருப்பார்.

அப்புறம் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு. இந்தப் பக்கங்களை நண்பர் ஒருவருக்காக ஓர் இரவு முழுக்கப் புரட்டியிருக்கிறேன். மங்கிய பழுப்பு மை, லத்தீனில் கிறுக்கிய எழுத்து, ஜேம்ஸ் அங்கே ஜாகோபுஸ், பேட்ரிக் பத்ரீசியுஸ். வரியின் கடைசியில் இரண்டு பெயர் வரும், ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். அந்த இருவரையும் விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்திறங்கியவர்கள் முன்பின் தெரியாதவரைக் குழந்தைக்கு ஞானப் பெற்றோராக நிறுத்தமாட்டார்கள். அண்ணனோ, கொழுந்தியாளோ, ஊரில் பக்கத்து வீட்டில் இருந்தவரோ நிற்பார்கள். பேட்ரிக் தன் ஊரை எங்கேயும் எழுதிவைக்காமல் போயிருக்கலாம். அந்தக் கொழுந்தியாளின் கல்லறைக் கல்லில் இன்ன கவுன்ட்டி, இன்ன பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) என்று செதுக்கியிருக்கும். கப்பல் பட்டியலிலும் குடியுரிமைத் தாளிலும் நேரம் செலவழிக்க வேண்டாம். அந்தக் காலத்துத் தாள்களில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒரே சொல்தான்.

பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது அவர்கள் வழக்கம். பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பெயரை வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூத்தவன் ஜெரமையா என்றால், நீங்கள் தேடுவது ஜெரமையாவின் மகன் பேட்ரிக்கை. எல்லோரும் கடைப்பிடித்த வழக்கமல்ல, ஆனாலும் நல்ல துப்பு.

நீங்கள் பாஸ்டனில் இருப்பது இன்னொரு வகையில் அதிர்ஷ்டம். அங்கே வந்த ‘பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. முதல் விளம்பரம் கில்டேர் கவுன்ட்டிக்காரர் ஒருவருக்கு, அவருடைய மனைவியும் நான்கு குழந்தைகளும் பாஸ்டன் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிவித்தது. அவர் அதைப் பார்த்தாரா, ஐவரையும் வந்து கூட்டிப்போனாரா என்ற நினைப்பு எனக்கு இன்றும் வரும். ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்த விளம்பரங்களில் ஊர், பங்கு, வந்திறங்கிய வருடம், கடைசியாக எந்த ரயில்பாதை வேலையில் இருந்தார் என்பது வரை கிடைக்கும். பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. சல்லிவனை மட்டுமல்ல, ஹனோராவின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஞானப் பெற்றோரின் பெயர்களையும் அதில் போட்டுப் பாருங்கள்.

பங்கின் பெயர் ஒன்று கிடைத்தபிறகு அயர்லாந்துக்குப் போகலாம். தேசிய நூலகம் 2015 முதல் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை இலவசமாக இணையத்தில் கொடுக்கிறது. 1847க்கும் 1864க்கும் இடையில் எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டில், எந்த டவுன்லேண்டில் யார் எவ்வளவு நிலம் வைத்திருந்தார், நிலக்கிழார் யார் என்று பார்க்கலாம். பேட்ரிக் போய்விட்டாலும் அவர் அப்பாவோ அண்ணனோ அதில் இருக்கக்கூடும்.

ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி தங்கைகளையும் மறக்காதீர்கள். 1909இல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். வயதுக்குச் சான்று இல்லாத கிழவர்களும் கிழவிகளும் டப்ளினுக்கு மனுப் போட்டார்கள்: என் அப்பா பெயர் இது, அம்மா பெயர் இது, எங்கள் வீடு இந்த டவுன்லேண்டில் இருந்தது, பழைய கணக்கெடுப்பில் நான் இருக்கிறேனா பாருங்கள் என்று. குமாஸ்தாக்கள் 1841, 1851ஆம் வருடத்துத் தாள்களைத் தேடி, கண்டதை அந்த மனுவிலேயே குறித்தார்கள். அந்தத் தாள்கள் 1922இல் எரிந்தன. மனுக்கள் பிழைத்துக்கொண்டன. ஓய்வூதியத்துக்காக ஒரு கிழவி சொன்ன விலாசம், அவளுடைய அண்ணன் வழியில் வந்தவரை இன்றைக்கு வாசலில் கொண்டுபோய் விடுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரம் மாமியாரோடு உட்கார்ந்து, ஹனோராவை எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள், பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய ஜெபப் புத்தகம், இறப்பு அட்டை ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஞானத்தாயின் பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து தேடலாம்.

அன்புடன்.