லேபிள் மெஷின் வாங்கணுமா, முதல்ல டேப்பைப் பாருங்க

கேள்வி: அண்ணே, புது வீட்டுக்கு குடி வந்து எட்டு மாசம்தான் ஆகுது, வீட்டு லைன் எல்லாம் பிரியுற டிபி பாக்ஸ்ல எலக்ட்ரீஷியன் மார்க்கர்ல எழுதிட்டுப் போனது அதுக்குள்ள பாதி அழிஞ்சுபோச்சு. எந்த எம்சிபி (ஒவ்வொரு லைனையும் ஆஃப் பண்ற குட்டி ஸ்விட்ச்) எந்த ரூமுக்குன்னு ஒவ்வொரு தடவையும் ஆஃப் பண்ணிப் பாக்க வேண்டியிருக்கு. கைல வச்சு அடிக்கிற லேபிள் மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். போன்ல கனெக்ட் ஆகுற குட்டி மெஷின் மலிவா கிடைக்குது, பிரதர், டைமோ கம்பெனி மெஷின் எல்லாம் விலை கூட. எதை வாங்குறது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, மெஷினை அப்புறம் பாப்போம், அதுக்குள்ள போற டேப் எதுன்னு முதல்ல பாருங்க. நிம்போட் மாதிரி மலிவா வர்ற குட்டி மெஷின்ல மையே கிடையாது, சூடு பட்டா கறுக்குற லேபிள்தான் போடணும், கடை பில்லு அடிக்கிற அதே முறை. டைமோல லெட்ராடேக் மாடலும் இந்த வகைதான். வெயில், சூடு, எண்ணெய் பட்டா இந்த எழுத்து வெளுத்துடும். ஒரு வீட்ல மாடிப்படி ஓரம் வெயில் விழற இடத்துல இருந்த டிபிக்கு நானே இந்த வகை லேபிளை ஒட்டிக் குடுத்தேன், அடுத்த கோடைக்குப் போனப்ப வெள்ளைத் துண்டுதான் மிச்சம் இருந்துச்சு, மறுபடி எல்லா லைனையும் தேடி எழுத ஒரு முழு நாள் போச்சு. அதுக்கப்புறம் வயரிங்குக்கு அதைத் தொடுறதே இல்ல.

பிரதர் பி-டச்சோட டிஇசட்இ டேப் வேற மாதிரி. எழுத்து மேல தெரியுற கண்ணாடி மாதிரி பிலிமோட அடிப்பக்கத்துல விழுது, அதுக்குக் கீழ இன்னொரு பட்டை ஒட்டிக்குது, அதனால எழுத்து ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, துணி வச்சு தேய்ச்சாலும் போகாது. டிபி கதவுக்கு, ஸ்விட்ச் போர்டுக்கு இது போதும். ஆனா இதே சாதா டேப்பை வயர்ல சுத்தாதீங்க, அது விறைப்பா இருக்கும், நம்ம 1.5 ஸ்கொயர் எம்எம் வயரோட தடிமனே உறையோட சேத்து சுமார் 3 எம்எம்தான், அவ்வளவு சின்ன வளைவுல ரெண்டு நாள்ல ஓரம் தூக்கிடும். வயருக்குன்னே வளையுற டேப் தனியா இருக்கு, ஃப்ளெக்சிபிள் ஐடின்னு கேளுங்க. டைமோல போறதா இருந்தா ரைனோ மாடலுக்கு நைலான் டேப் கிடைக்கும், அதுவும் நல்லா சுத்தும்.

சூடு காட்டினா சுருங்கி வயரைப் பிடிச்சுக்குற ஷ்ரிங்க் டியூப்லயே அடிக்கிற மெஷினும் இருக்கு, பிரதர் ஈ300, டைமோ ரைனோ எல்லாம் அடிக்கும், பேனல் வேலைக்காரங்களுக்கு அருமையான சாமான். ஆனா டியூபை வயரோட முனை வழியாத்தான் கோர்க்க முடியும், ஏற்கெனவே முடுக்கின வயரைக் கழட்டணும், வீட்டுக்கு அது தேவையில்ல. எலக்ட்ரிகல் மாடல் வாங்கினா கேபிள் ராப், கேபிள் ஃபிளாக்னு மோட் இருக்கும். ராப்ல ஒரே எழுத்து வரிசையா திரும்பத் திரும்ப வரும், வயரை எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கலாம், ஃபிளாக்ல கொடி மாதிரி மடிச்சு ஒட்டலாம். ஒத்தை எம்சிபி (ஒரு போல்) கிட்டத்தட்ட 18 எம்எம் அகலம், அந்த நீளத்துக்குள்ள லேபிளை அடிச்சா வரிசையா பொருந்தி நிக்கும். இன்னொண்ணு, ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் முன்னாடி ரெண்டரை சென்டிமீட்டர் கிட்ட சும்மா வெட்டுப்படும், அதனால எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு ஒரே மூச்சுல அடிங்க, டேப் விலைதான் பின்னாடி கடிக்கும்.

ரூம் பேர் எழுதுறதை விட முக்கியம் இன்வெர்ட்டர் லைன் தம்பி. மெயினை ஆஃப் பண்ணினா கரண்ட் போயிடுச்சுன்னு இன்வெர்ட்டர் எடுத்துக்கிட்டு அதோட லைனுக்கு தானா சப்ளை குடுக்க ஆரம்பிச்சுடும், மெயின் ஆஃப்ல இருக்குன்னு நம்பி ஃபேன் ரெகுலேட்டர்ல கை வச்சவங்க ஷாக் வாங்கியிருக்காங்க. அந்த எம்சிபிங்களுக்கு மட்டும் மஞ்சள் டேப்ல கறுப்பு எழுத்துல அடிங்க, இன்வெர்ட்டரோட நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பிப் போற வயர்) தனியா பேர் போடுங்க, ஈபி நியூட்ரலோட அதைச் சேத்துட்டா கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி சும்மா சும்மா விழும். டிபிக்குள்ள வயர்ல ஒட்டுற வேலை மட்டும் எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க, மெயின் ஆஃப்ல இருந்தாலும் அதுக்கு வர்ற வயர்ல கரண்ட் இருக்கும்.

கேள்வி: எங்க மாமியாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. சமையல்கட்டு டப்பால தமிழ்ல லேபிள் ஒட்ட முடியுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முடியும்மா. பட்டன் வச்ச கை மெஷின்ல பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும், போன்ல டைப் பண்ணி அனுப்புற மாடல்னா போன்ல இருக்குற தமிழ் அப்படியே அச்சாகும். பிரதர்ல பி300பிடின்னு ஒண்ணு இருக்கு, மேல சொன்ன அதே டிஇசட்இ டேப்பை 12 எம்எம் வரைக்கும் எடுத்துக்கும், எண்ணெய்க் கை பட்டாலும் எழுத்து நிக்கும். சில்வர் டப்பாவை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு காய வச்சு அப்புறம் ஒட்டுங்க, டேப்போட நாலு மூலையையும் கத்தரியால லேசா வளைச்சு வெட்டிட்டா விளக்கும்போது ஓரம் கிளம்பாது. மூடியில ஒட்டாதீங்க, கழுவி வைக்கும்போது மூடிங்க மாறிடும், மல்லித்தூள் மூடி மிளகாத்தூள் டப்பாவுக்குப் போயிடும். தினமும் நார் போட்டு தேய்க்குற பாத்திரத்துக்கு லேபிள் வேணாம், பாத்திரக்கடையில பேர் வெட்டித் தர்றாங்களே, அதுதான் சரி. மெஷின் கைல இருக்கும்போதே டிபி கதவுல "மெயின் ஆஃப் பண்ணாலும் இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் வரும்"னு தமிழ்ல பெருசா ஒண்ணு அடிச்சு ஒட்டிடுங்க, மாமியாரும் படிப்பாங்க.