பழைய ஸ்கூல் பஸ்: எஞ்சினைக் கேட்பதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக இரண்டு வேன் ஓட்டுகிறேன். ஒரு பள்ளி தன்னுடைய 2018 மாடல் டீசல் பஸ்ஸை விற்கிறது. ஏர் பிரேக் (காற்றழுத்தத்தில் இயங்குவது). 70 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. "எஞ்சின் புதுசு மாதிரி இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார் புரோக்கர். எஞ்சினும் பிரேக்கும் எப்படி இருக்கின்றன என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அந்த 70 ஆயிரத்தை முதலில் மறந்துவிடுங்கள். ஹைவேயில் ஓடும் வண்டிக்குத்தான் கிலோமீட்டரை வைத்து ஓரளவு கணக்குப் போடலாம். இது டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து, தெருவுக்குத் தெரு நின்று, பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வரும்வரை எஞ்சினை அணைக்காமல் காத்திருந்த வண்டி. சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் எஞ்சின் ஏறத்தாழ 5,800 மணி நேரம் ஓடியிருக்கும். அதே 5,800 மணி நேரமும் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஹைவேயில் ஓடியிருந்தால் மீட்டர் 2 லட்சத்து 90 ஆயிரம் காட்டும். பிரேக்குக்கு வேலை இன்னும் அதிகம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது உழைத்திருக்கிறது.

இன்னொன்று. 2018 மாடல் என்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அந்த பஸ் எங்கே நின்றது என்று கேளுங்கள். பல பள்ளி பஸ்கள் மாதக்கணக்கில் வெட்டவெளியில் அசையாமல் நின்றன. நிற்கிற வண்டியில் பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளை) துருப்பிடிக்கும், பிரேக் சேம்பரின் (காற்று நிரம்பிப் பிரேக்கைத் தள்ளும் கிண்ணம்) ரப்பர் காய்ந்து வெடிக்கும், டீசல் டேங்கில் தண்ணீர் சேர்ந்து பம்பையும் நாசிலையும் கெடுக்கும்.

பிரேக்கை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினை இரண்டு நாளில் ஜோடித்துவிடலாம்: கெட்டியான ஆயில் ஊற்றி, வாட்டர் வாஷ் அடித்து, சத்தத்தை அடக்கிவிடுவார்கள். சக்கரத்துக்குள் இருப்பதை யாரும் ஜோடிப்பதில்லை. அந்தப் பள்ளி வண்டியை எப்படிப் பராமரித்தது என்பது அங்கேதான் தெரியும்.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டார்ட் செய்து, காற்றழுத்த கேஜ் 8 பார் பக்கம் ஏறி 'புஸ்' என்று காற்று வெளியேறும்வரை காத்திருங்கள். ஏறவே நெடுநேரம் எடுத்தால் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கிறது, அல்லது எங்கோ லீக். அப்புறம் எஞ்சினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, பிரேக் பெடலை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். மிதித்த உடனே முள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதன் பிறகு ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய இறங்கிக்கொண்டே போனால் வால்விலோ சேம்பரிலோ காற்று கசிகிறது. கூட வந்தவரை வண்டியைச் சுற்றி நடந்து காது கொடுக்கச் சொல்லுங்கள், எந்தச் சக்கரம் என்று தெரிந்துவிடும். இனி பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 4–5 பார் பக்கம் வரும்போது பஸ்ஸர் அடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். பஸ்ஸர் வயரை வெட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் மேற்கொண்டு நேரம் செலவழிக்காதீர்கள்.

ஏர் டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. கறுப்பாக ஆயில் கலந்து வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்துவிட்டது. அந்த ஆயில் வால்வு ரப்பர்களையும் ஊறவைத்துக் கெடுத்திருக்கும்.

பிறகு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சக்கரமாவது கழற்றச் சொல்லுங்கள். கூலியை நீங்களே கொடுங்கள். டிரம்மில் விரிசல், விளிம்பில் உயர்ந்து நிற்கும் மேடு, அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டு (அளவுக்கு மீறிச் சூடேறியதன் அடையாளம்) இருக்கிறதா? டிரம்மில் உரசும் லைனிங், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் வரை தேய்ந்திருக்கிறதா, ஹப் சீலில் கசிந்த கிரீஸ் அதில் படிந்திருக்கிறதா? ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) பார்க்க சாக்பீஸ் போதும். சேம்பரிலிருந்து வெளியே வரும் புஷ் ராடில் கோடு போட்டு ஒருவர் பிரேக் மிதிக்கட்டும். இடது வலது இரண்டிலும் ராடு ஒரே அளவு வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக வந்தால், அவசரத்துக்கு மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ரோட்டில் ஓட்டும்போது ஆளில்லாத இடமாகப் பார்த்து 40 கிலோமீட்டரில் நன்றாகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டியரிங் எந்தப் பக்கமும் ஓடக் கூடாது. அரை மணி ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இல்லை. பள்ளி பஸ்ஸில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கவர்னர் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அதில் வைத்த வேகத்தைத் தாண்டிப் போகிறது என்றால் யாரோ அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

எஞ்சினுக்கு வருவோம். குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டியதைப் பிரேக் சோதனைக்காக ஸ்டார்ட் செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். நீங்கள் போவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் ஓரிரு செல்ஃபில் பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை சரி, சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். நீராவி மாதிரி புகை தள்ளிக்கொண்டு வந்தால் அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் பேக் கம்ப்ரஷன் (எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது), லைனர் பிஸ்டன் வேலை காத்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். கூலன்டில் எண்ணெய்ப் படலமோ டிப் ஸ்டிக்கில் பால் நிறமோ தெரிந்தால் வண்டியே வேண்டாம்.

பிறகு கே.ஆர். புரம் தொங்குபாலம் ஏறி இறங்கி, நெரிசலில் அரை மணி ஊர்ந்து வாருங்கள். அந்தச் சூட்டில் ஐடிலில் ஆயில் பிரஷர் விளக்கு எட்டிப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. வெப்ப முள் மேலே போனால் ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட் மூன்றையும் சந்தேகப்படுங்கள். டர்போவிலிருந்து போகும் ஹோஸைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய மாசுக் கட்டுப்பாட்டு அளவு) வண்டி என்றால் கதை வேறு. நின்று நின்று ஓடுகிற வேலையில் அதன் புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் கரி சீக்கிரம் அடைக்கும். ஸ்கேனர் போடாமல் வாங்கவே கூடாது. உங்கள் பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்றிதழ்) கையில் இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். அது சோதனை நடந்த நாளின் நிலைமை மட்டும்தான். 8 வருடம் தாண்டினால் வருடா வருடம் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். பஸ் பள்ளி பெயரில் இருப்பதால் பெயர் மாற்றும்போது பர்மிட்டும் வரியும் மாறும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வாங்க முடிவு செய்தால், பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் லைனிங், சேம்பர் டயாஃப்ரம், பழுத்த ஏர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், பழையது நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னாலும். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும், பில்லோடு வாங்குங்கள். விலை பேசும்போதே இந்தத் தொகையைப் பள்ளி நிர்வாகத்திடம் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்.