பெரியவங்களுக்கு ஆர்எஸ்வி (மூச்சுப் பாதைய தாக்கற ஒரு வைரஸ்) வந்தா அவ்ளோ சீரியஸா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு. சுகர் இருக்கு, பீடி குடிச்சதுல சிஓபிடியும் (மூச்சுக்குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கு. சளி இருமல்னு ஆரம்பிச்சு மூணாம் நாளே மூச்சு வாங்குச்சு, அட்மிட் பண்ணிட்டோம். ஸ்வாப்ல கோவிட் இல்ல, ஃப்ளூ இல்ல, ஆர்எஸ்வி பாசிட்டிவ். அது குழந்தைங்களுக்கு வர்றதுதானே, பயப்படணுமா? ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதம்தான் காட்டுது, ஏன் கூட்டி வைக்க மாட்டேங்குறாங்க?

பதில்: கோவிட் இல்லேன்னு நிம்மதியாகிடாதீங்கம்மா. அமெரிக்காவுல 20 மாநிலத்துல 2022 பிப்ரவரிலேர்ந்து 2023 மே வரைக்கும் அட்மிட்டான 60 வயசு தாண்டினவங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல ஆர்எஸ்வி கேஸ் கம்மிதான், ஆனா வந்தவங்கள்ல ஆக்ஸிஜன் தேவைப்பட்டவங்களும் ஐசியூ போனவங்களும் கோவிட், ஃப்ளூ ரெண்டையும் விட அதிகம். நம்ம பக்கம் பெரியவங்களுக்கு இந்த டெஸ்ட்டே அடிக்கடி எடுக்கறதில்ல, வெறும் "வைரல் நிமோனியா"ன்னு எழுதி டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க, அதனாலதான் இது குழந்தைங்க வியாதின்னே பேராயிடுச்சு.

அந்த 90 விஷயத்துக்கு வர்றேன். சிஓபிடி இருக்கறவங்களுக்கு 88லேர்ந்து 92க்குள்ள இருந்தாலே போதும், வேணும்னேதான் அப்படி வைக்கறாங்க. ராத்திரி கூட இருக்கற அட்டெண்டர் மானிட்டர்ல 89 பாத்ததும் பயந்து போய் யாருக்கும் தெரியாம ஆக்ஸிஜன கூட்டிக் குறைக்கற ஃப்ளோமீட்டர திருகி விட்டுடுவார், காலைல ரவுண்ட்ஸ் போனா நம்பர் 98, பேஷண்ட் எழுப்பினாலும் கண்ண தொறக்க மாட்டேங்குறார். ஆக்ஸிஜன் ஓவரானா உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறிடும், அந்த மயக்கம்தான் அது. அப்புறம் காத்த அழுத்தி உள்ள அனுப்பற பைபாப் மாஸ்க்கு, ஐசியூன்னு போகும். தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க.

மருந்துன்னு பாத்தா ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் இருக்கு, ஆர்எஸ்விக்கு அது வேலை செய்யாது. பெரியவங்களுக்கு வழக்கமா குடுக்கற தனி வைரஸ் மாத்திரையும் இல்ல, ஆக்ஸிஜன், நெபுலைசர், தேவைப்பட்டா கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, அவ்ளோதான். ஸ்டீராய்டு போட்டா சுகர் 300 தாண்டி எகிறலாம், இன்சுலின் ஊசிக்கு வேணாம்னு அப்பா அடம்புடிச்சா நீங்கதான் பேசி சம்மதிக்க வைக்கணும். "பெரிய ஆன்டிபயாடிக்கா போடுங்க டாக்டர்"னு கேக்காதீங்க, மேல பாக்டீரியா தொத்திருந்தா அவங்களே போடுவாங்க.

இன்னொண்ணு, ஈசிஜி, எக்கோ எடுக்கணும்னு சொன்னா பில்ல ஏத்தறாங்கன்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி வைரஸ் இதயத்தையும் பதம் பாத்துடும், ஃப்ளூ வந்த முதல் வாரத்துல மட்டும் ஹார்ட் அட்டாக் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுதுன்னு 2018ல வந்த ஒரு கனடா ஆய்வு சொல்லுது.

வீட்டுக்கு வந்தப்புறம் நுரையீரல் டாக்டர்கிட்ட தடுப்பூசி பத்தி கேளுங்க, ஃப்ளூவுக்கு வருஷா வருஷம், நிமோனியா வரவைக்கற நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு தனியா. ஆர்எஸ்விக்கும் 2023ல அமெரிக்காவுல பெரியவங்களுக்கான ஊசிக்கு அனுமதி குடுத்தாச்சு, இங்க கிடைக்குமான்னு அவரே சொல்வார். இப்போதைக்கு அப்பாவோட மூச்ச ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பாருங்க, 30ஐத் தொட்டாலோ, பேச்சு குழறினாலோ, பகல்லயே தூங்கி வழிஞ்சாலோ உடனே சிஸ்டர கூப்பிடுங்க, ரவுண்ட்ஸ் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க.