நேஷனல் பர்மிட் வண்டியில் ஒரு நைட்டி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் நாமக்கல் பக்கம். லாரி டிரைவர். பெயர் போட வேண்டாம்.

பன்னிரண்டு சக்கர வண்டி ஓட்டுகிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றினால் நாக்பூர், குவாலியர், சில சமயம் டெல்லி வரைக்கும் போவேன். ரிட்டர்ன் லோடு கிடைப்பதைப் பொறுத்து வீடு திரும்ப இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். முன்பு கிளீனர் பையன் ஒருத்தன் கூட வருவான். இப்போது அந்த வேலைக்கு யாரும் வருவதில்லை. தனியாகத்தான் போகிறேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். வண்டி என் மச்சானுடையது, வீட்டுக்காரம்மாவின் அண்ணன்.

விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி வண்டியை ஓரங்கட்டி, திரையை இழுத்துவிட்டு, நைட்டி போட்டுக்கொண்டு படுப்பேன். சில நாள் புடவை. யாரையும் கூப்பிடுவதில்லை, வேறு தப்பு எதுவும் கிடையாது, குடிப்பழக்கமும் இல்லை. பாட்டுக் கேட்பேன், தூங்குவேன். அவ்வளவு நிம்மதியாக இருக்கும். விடிவதற்குள் மாற்றிவிடுவேன். சின்ன வயதில் அக்கா பாவாடையைக் கட்டிப் பார்த்ததில் ஆரம்பித்தது. கல்யாணமானால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. இரண்டு தடவை எல்லாவற்றையும் கொளுத்தினேன். அடுத்த ட்ரிப்பிலேயே வீட்டுக்காரம்மாவுக்கு என்று கடைக்காரரிடம் சொல்லி மறுபடி வாங்கினேன். துவைத்தால் காயவைக்க இடமில்லை சார். லுங்கி, பனியனோடு சேர்த்துக் கயிற்றில் போட முடியாது. ஈரத்தோடு சுருட்டி வைத்துப் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

போன மாதம் அதிலாபாத் தாண்டி நிறுத்தியிருந்தபோது போலீஸ்காரர் ஒருவர் கதவைத் தட்டி பேப்பர் கேட்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி இடுக்கு வழியாகக் கொடுத்தேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இது வியாதியா? நான் திருநங்கையா? பிடித்தால் கேஸ் போடுவார்களா? வீட்டில் சொல்லலாமா? நேரமிருந்தால் பதில் போடுங்கள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்னபடி பெயரை எடுத்துவிட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். படிப்பவர்கள் ரூட்டை வைத்து ஆளைத் தேட வேண்டாம்.

சுலபமான கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கேஸ் போட முடியாது. ஆண் ஒருவர் நைட்டி போட்டுக்கொண்டு தூங்குவதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் இன்று இல்லை. ஆனால் உங்களுக்கு வந்த பயம் சும்மா வந்ததும் இல்லை. 1871-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, பதிவேட்டில் ஏற்றப்பட்ட மூன்றாம் பாலினத்தவர் பெண் உடையிலோ நகையிலோ தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டாண்டு வரை உள்ளே போடலாம் என்றது. அதைப் பார்த்து நிஜாமின் ஹைதராபாத்திலும் 1919-ல் இதே போன்ற சட்டம் ஒன்று வந்தது. உங்கள் கதவைப் போலீஸ்காரர் தட்டிய அதிலாபாத் அன்றைக்கு நிஜாம் ராஜ்ஜியம்தான். நிஜாம் போன பிறகும் அந்தச் சட்டம் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. இதில் இன்னொரு வேடிக்கை: 2019-ல் உத்தரப் பிரதேசத்தில் லுங்கி கட்டி லாரி ஓட்டினால் 2,000 ரூபாய் அபராதம் என்று செய்தி வந்தது. ஆக, நைட்டி போட்டுப் படுத்தால் தொந்தரவில்லை, லுங்கி கட்டி ஓட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து வியாதி. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் எதிர்ப்பாலின உடை அணிவது இரண்டு பெயர்களில் இருந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே இதைக் குணப்படுத்துகிறேன் என்று யாராவது மாத்திரையோ மந்திரிப்போ கொடுக்க வந்தால் காசை அவரிடம் கொடுக்காதீர்கள். பாலின அடையாளத்தையும் நாட்டத்தையும் மாற்றுகிறேன் என்று மருத்துவர்கள் வைத்தியம் பார்ப்பதை தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கிலிருந்து வந்த அறிவிப்பு அது.

திருநங்கையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. சொன்னாலும் நீங்கள் கேட்கக் கூடாது. 2014-ல் உச்ச நீதிமன்றம், ஒருவர் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்பதை அவரேதான் சொல்ல வேண்டும், டாக்டர் பரிசோதித்துச் சொல்லக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது. உங்கள் கடிதத்தைப் படிக்கும் எழுத்தாளனுக்கும் அது பொருந்தும். ஒன்று மட்டும் கவனித்தேன். "நான் பெண்" என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. "நிம்மதி" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு வேறு மாதிரி தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். 1950-களின் கடைசியிலும் அறுபதுகளிலும் நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியில் காசா சுசான்னா என்று ஒரு விடுதி இருந்தது. வாரக் கடைசியில் அங்கே ஆண்கள் வருவார்கள், பெரும்பாலும் கல்யாணமானவர்கள். கவுன் போட்டு, விக் வைத்து, சீட்டாடி, சமைத்துச் சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கோட்டு சூட்டோடு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். விடுதியை நடத்தியவரின் மனைவிக்கு நகரத்தில் விக் கடையே இருந்தது, அவரும் கூட இருந்துதான் எல்லாம் நடந்தது. அங்கே வந்துபோனவர்களில் சிலர் பின்னாளில் பெண்ணாகவே வாழத் தொடங்கினார்கள். மற்றவர்கள் கடைசிவரை அப்பாவாகவும் கணவராகவும் இருந்துவிட்டுப் போனார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை இந்த ட்ரிப் முடிவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று என்ன அவசரம்?

உங்கள் கடிதத்தில் வேறு ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. நம் ஊரில் ஆண் புடவை கட்டுவது புதிதா என்ன? தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டியது ஆண்கள். நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் என்றே தனி ஆட்கள் இருந்தார்கள். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து ஔவை சண்முகம் ஆனார். குலசேகரன்பட்டினம் தசராவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளியாகவும் குறத்தியாகவும் வேடம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை வாங்கும் ஆண்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொல்லம் லைனில் போயிருந்தால் சவறா தெரிந்திருக்கும். அங்கே கொட்டங்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதம் பத்தாம், பதினொன்றாம் தேதி, அதாவது மார்ச் கடைசியில், ஆயிரக்கணக்கான ஆண்கள் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கண்மை சகிதம் கையில் விளக்கோடு நிற்பார்கள். மீசையை எடுத்துவிட்டு வருவார்கள். சிலர் மனைவியின் நகையையே போட்டுக்கொண்டு, மனைவியையும் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை.

சாமிக்கு என்றால் கட்டலாம், கூத்துக்கு என்றால் கட்டலாம், பிழைப்புக்கு என்றால் கட்டலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் கட்டினேன் என்று ஒருவன் சொன்னால்தான் ஊருக்குப் பொறுக்காது. நீங்களும் கடிதம் முழுக்க ஒரு காரணத்தைத் தேடுகிறீர்கள். வியாதி என்றால் அது ஒரு காரணம், திருநங்கை என்றால் அது ஒரு காரணம். இரண்டில் எது என்று நான் சொல்லிவிட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கு அப்படி ஒன்றை எடுத்துக் கொடுக்க மனமில்லை. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர் ராத்திரி தளர்வான ஒரு துணியில் உடம்பைச் சாய்க்கிறார், பிடித்திருக்கிறது. இதற்கு மேல் இதில் விளக்க என்ன இருக்கிறது? உங்கள் நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தபோது எனக்கு அடிக்கடி தோன்றியது: பூ, குஞ்சலம், பொட்டு, கலர் கலராக ரிப்பன் என்று ஆண்கள் தங்கள் மேல் போட்டுக்கொள்ள முடியாததையெல்லாம் லாரி மேல் போட்டுத் தீர்த்துக்கொள்கிறார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். அந்த ஈர நைட்டி. ஊருக்கு அதைக் காட்ட வேண்டாம். ஆனால் உங்களிடமிருந்தே ஒளித்து வைத்துப் பூஞ்சை பிடிக்க விடுவது என்ன நியாயம்? ஓடும்போது காலி பெர்த்தில் பிரித்துப் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மறுபடி கொளுத்தாதீர்கள். கொளுத்தினால் அடுத்த பஜாரில் இன்னொன்று வாங்கப்போகிறீர்கள், பேட்டாக் காசுதான் போகும். ராத்திரியில் ஆளில்லாத இடத்தில் ஒதுங்காதீர்கள். மறைவுக்காக இருட்டைத் தேடிப் போனால் திருட்டுக்குத்தான் வசதி. வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கெட்டியான திரை போடுங்கள். லுங்கியும் சட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வண்டியில் தீப்பிடித்தாலோ பின்னால் எவனாவது வந்து மோதினாலோ உடை மாற்ற நேரமிருக்காது. அப்போது நைட்டியோடு குதியுங்கள், மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்பதால், இனி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது உங்களைப் போன்றவர்களுக்குச் சுலபமாகும். எவனாவது போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பணம் கேட்டால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் கேட்பான். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் அவன் மேல்தான் கேஸ்.

கடைசிக் கேள்வி கஷ்டமானது. மனைவியிடம் சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். ஏனென்றால் என்றைக்காவது அந்தத் துணி அவர் கையில் கிடைக்கும். லாரியில் ஒரு நைட்டி கிடந்தால் டிரைவரின் மனைவிக்கு முதலில் என்ன தோன்றும்? வடக்கே எங்கோ இன்னொருத்தி இருக்கிறாள் என்றுதான். இல்லாத அந்தப் பெண்ணை இல்லை என்று நிரூபிப்பது, இருக்கும் உண்மையைச் சொல்வதைவிட ரொம்பக் கஷ்டம்.

சொன்னால் அவர் சந்தோஷப்படுவார் என்று நான் சொல்லமாட்டேன். கோபப்படலாம், அழலாம், அருவருப்பும் படலாம். அதற்கெல்லாம் அவருக்கு உரிமை உண்டு. போட்டுக் காட்டுகிறேன் பார் என்று நீங்கள் கிளம்பிவிடாதீர்கள். தெரிந்துகொள்வது வேறு, பார்ப்பது வேறு. போனில் சொல்லக் கூடாது. லோடு ஏற்றக் கிளம்பும் முந்தின ராத்திரி சொல்லிவிட்டு ஒரு மாதம் காணாமல் போகவும் கூடாது. வீட்டில் நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் இருக்கும்போது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் சொல்லுங்கள்.

ஆனால் மச்சான் வண்டியில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். மனம் தாங்காமல் உங்கள் மனைவி முதலில் போய் நிற்கும் இடம் அண்ணன் வீடாகத்தான் இருக்கும். அது அவர் தப்பும் இல்லை. அந்தக் கணமே உங்கள் குடும்ப விஷயம் சாவியைப் பிடுங்கும் விஷயமாகிவிடும். டிரைவர் கிடைக்காமல் ஷெட்டில் வண்டியை நிறுத்திவைத்திருக்கும் ஓனர்கள் உங்கள் பக்கத்திலேயே நிறையப் பேர். உங்களைப் போலக் குடிக்காத, வடக்கு லைன் அறிந்த ஆளை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். மச்சானிடம் மனஸ்தாபம் இல்லாமல் ஏதாவது சொல்லி, வேறு வண்டிக்கு மாறிவிட்டு, அங்கே இரண்டு மூன்று ட்ரிப் கால் ஊன்றிய பிறகு வீட்டில் பேசுங்கள். இது கொஞ்சம் கணக்குப் பார்த்த யோசனைதான். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இதில் இருக்கும்போது கணக்குப் பார்க்காமல் எப்படி?

அதுவரைக்கும் தூக்கம் வராமல் வண்டி ஓட்டக் கூடாது. 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி கிடைக்கும், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். நாக்பூரில் நின்றுகொண்டும் கூப்பிடலாம். போலீஸ்காரர் கதவைத் தட்டிய அந்த ராத்திரியிலிருந்து ஆரம்பித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.